வேகம் கூடியது, பிடி தளர்ந்தது

மேட்டுப்பாளையம் தாண்டி, பர்லியார் ஏற்றத்தில்தான் அது முதலில் தெரிந்தது. நண்பரின் வண்டி 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட். முந்தைய வாரம்தான் ரீமேப் செய்திருந்தார். இன்ஜினை ஆளும் கணினியின் நிரலை மாற்றி, டீசல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். சமவெளியில் வண்டி துள்ளிக்கொண்டு போனது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்ததும், சுழற்சி காட்டும் முள் விறுட்டென்று 3,000-ஐத் தாண்டியது. வண்டி மட்டும் அதே வேகத்தில் ஊர்ந்தது. சற்று நேரத்தில் கருகல் வாடை. கோவை திரும்பியதும் பட்டறையில் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "இன்ஜின் நல்லாத்தானுங்க இருக்கு. பிளேட்டுதான் தாங்கலீங்க."

ஏன் தாங்கவில்லை என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே நெருக்கிப் பிடிக்கப்பட்ட வட்டத் தட்டுதான் கிளட்ச் பிளேட். அதன் இரண்டு முகங்களிலும் உராய்வுப் பட்டை இருக்கும். டயஃப்ரம் ஸ்பிரிங் அதை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். நாம் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளிப் பிடியை விடுவிக்கும். ஃபிளைவீலையும் தட்டையும் இணைக்கப் பல்லும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. இன்ஜினின் முறுக்குவிசை முழுவதும் வெறும் உராய்வை நம்பித்தான் சக்கரத்துக்குப் போகிறது.

எவ்வளவு தாங்கும் என்று அறிய நான்கு எண்களைப் பெருக்க வேண்டும்: உராய்வுக் குணகம், ஸ்பிரிங்கின் அழுத்தம், தட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. சிறிய காருக்குப் பொருந்தும்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். குணகம் 0.3, அழுத்தம் 5,000 நியூட்டன், ஆரம் 8.5 செ.மீ., முகங்கள் 2. விடை 255 நியூட்டன் மீட்டர். அந்த டீசல் இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போது தருவது 190. ஆகவே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பலம் கையிருப்பில் இருக்கிறது. ரீமேப்புக்குப் பிறகு 240 என்று வையுங்கள். அதுவும் 255-க்குள்தானே என்று தோன்றும். தட்டு குளிர்ந்திருக்கும்வரை சரிதான். வழக்கமாக வண்டியோடு வரும் ஆர்கானிக் வகைப் பட்டை அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் குணகம் இறங்கும். 0.3 என்பது 0.25 ஆனால் தாங்கும் திறன் 212-க்கு வந்துவிடுகிறது. பழைய 190-ஐ அப்போதும் தாங்கும், 240-ஐத் தாங்காது. வழுக்கினால் சூடு, சூடானால் மேலும் வழுக்கல். பர்லியாரில் நடந்தது இதுதான்.

"இத்தனை குதிரைத்திறன் தாங்கும்" என்று சொல்லி கிளட்ச் விற்பதை நான் ஏற்கமாட்டேன். கிளட்சை வழுக்க வைப்பது முறுக்குவிசை, பட்டறை மொழியில் டார்க். அதே காலத்து ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு 85 குதிரைத்திறன். டீசலுக்கு 75 மட்டுமே. முறுக்குவிசையிலோ பெட்ரோல் 115-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது; டீசல் 190-ஐ எட்டுகிறது, அதுவும் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியிலேயே. டர்போ டீசல் வண்டியை ரீமேப் செய்தவர்களுக்கு மேல் கியரில், ஏற்றத்தில், தாழ்ந்த சுழற்சியில் கிளட்ச் வழுக்குவது இதனால்தான்.

சரி, எதை மாற்றுவது? நண்பர் முதலில் கேட்டு வாங்கியது செராமிக் கிளட்ச். வட்டமான பட்டைக்குப் பதிலாக ஆறு தனித்தனித் துண்டுகள் பதித்த தட்டு அது. உலோகத்தூளும் செராமிக்கும் கலந்து சூளையில் இறுக்கிய அந்தத் துண்டுகளுக்கு உராய்வும் அதிகம், சூடு தாங்கும் சக்தியும் அதிகம். கணக்கின்படி பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் அது மெல்லப் பிடிக்காது, படக்கென்று கவ்வும். ஹாஃப் கிளட்ச், அதாவது அரைப் பிடி, என்ற பேச்சே கிடையாது. அவிநாசி சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி ஒன்று குலுங்கும் அல்லது நின்றுவிடும். ரிவர்ஸ் எடுத்து வீட்டு கேட்டுக்குள் விடுவதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

குலுக்கலைவிடக் கவலை தருவது வேறொன்று. ஓரளவு வழுக்கும் கிளட்ச், வீட்டு ஃபியூஸ் கம்பி மாதிரி. திடீர் அதிர்ச்சி வரும்போது தான் வழுக்கி, பின்னால் இருக்கும் கியர்களையும் டிரைவ் ஷாஃப்டையும் காக்கிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அங்கே தடித்த கம்பியைச் சுற்றினால் சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் எரியும். வழுக்கவே வழுக்காத கிளட்ச் போட்டால் அடி கியர்பாக்ஸில் விழும். கியர்பாக்ஸ் செலவோடு ஒப்பிட்டால் கிளட்ச் செலவு சில்லறை.

கெவ்லார் பட்டை இதற்கு நேர் எதிர். பிடிப்பு மென்மை, ஆயுள் நீளம். ஆனால் பழக்கியெடுக்க நாளாகும்; ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிட்டால் முகம் கண்ணாடிபோலப் பளபளத்துப் பிடிப்பை இழந்துவிடும்.

பட்டையை விட்டுவிட்டு ஆரத்தைக் கூட்டலாமென்றால், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் இடம் வேண்டும், பெரும்பாலும் இருக்காது. முகங்களைக் கூட்டுவது புத்திசாலித்தனமான வழி. இரண்டு தட்டு போட்டால் முகங்கள் நான்கு. அதே ஸ்பிரிங், அதே பெடல், இருமடங்கு பிடி. ஃபார்முலா 1 காரின் கிளட்ச் சுமார் 10 செ.மீ. விட்டம்தான், உள்ளங்கையில் அடங்கும். கார்பன் தட்டுகளை அடுக்கியே அந்தப் பேய்த்தனமான இன்ஜினைக் கட்டுகிறார்கள். நம் மோட்டார் சைக்கிளும் அதே வழிதான். ஆயிலில் ஊறிக் கிடப்பதால் உராய்வு குறைந்த தட்டுகளை, எண்ணிக்கை கூட்டி ஈடுகட்டுகிறார்கள். (கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும், டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற குறியைப் பார்த்து வாங்குங்கள்.) காருக்கான இரட்டைத் தட்டில் விலை அதிகம், நியூட்ரலில் கடகடவென்ற சத்தமும் வரலாம். 400, 500 நியூட்டன் மீட்டர் தொடும் வண்டிகளுக்கு அது தகும். 240-க்குத் தேவையில்லை.

மிஞ்சுவது அழுத்தம். 30 சதவீதம் கூடுதலாக அழுத்தும் பிரஷர் பிளேட்டோடு நல்ல ஆர்கானிக் தட்டைச் சேர்த்தால், நம் கணக்கில் குளிரில் 331, சூட்டிலும் 276. நண்பர் கடைசியில் வந்து சேர்ந்தது இதற்குத்தான். இதற்கும் விலை உண்டு. பெடல் கனக்கும், ரிலீஸ் பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டின் திரஸ்ட் வாஷருக்கும் சுமை கூடும். அதனால் சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வந்துவிடுவது நல்லது.

ஓட்டும் விதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நின்ற வண்டியைக் கிளப்பும்போது, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் நொடியில் வண்டிக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவும் தட்டில் வெப்பமாகியிருக்கும். 1,100 கிலோ வண்டி 15 கி.மீ. வேகத்தில் பிடித்தால் சுமார் 9,500 ஜூல். சுழற்சியை ஏற்றி வைத்துப் பாய்ந்து, 40 கி.மீ. வேகத்தில் பிடித்தால் 68,000 ஜூல், ஏழு மடங்கு! அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்வதில் ஃபிளைவீலின் எடைக்குப் பெரும்பங்கு உண்டு. துடிப்பான ஓட்டத்துக்காக எடை குறைந்த ஃபிளைவீல் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ரீமேப் செய்ய நினைக்கிறவர்கள், டியூன் செய்பவரிடம் உச்ச முறுக்குவிசை எத்தனை நியூட்டன் மீட்டர், எத்தனை சுழற்சியில் வருகிறது என்று எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் கால் பங்கு தாங்கும் கிளட்சைத் தேர்ந்தெடுங்கள். புதுத் தட்டைப் பூட்டியதும் முதல் 800 கி.மீ. ஊருக்குள் நின்று நின்று ஓட்டிப் பழக்குங்கள். அதுவரை அழுத்தி மிதிக்க வேண்டாம், மலையேற்றமும் வேண்டாம்.