செவிகொடுப்பவர் யார்?

1966ஆம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்னும் கணிப்பொறி நிரலை வெளியிட்டார். ஒருவர் தட்டச்சிடும் சொற்களையே பெரும்பாலும் வினாவாக மாற்றி அது திருப்பித் தந்தது, பொருளை அறியாது. எனினும், அது உருவானவிதத்தை அருகிருந்து கண்ட அவருடைய காரியதரிசியே, அதனோடு தனித்து உரையாட விரும்பி, அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு வேண்டினார். கலக்கமுற்ற வைசன்பாம், கணிப்பொறியால் இயன்றாலும் அதனிடம் ஒப்படைக்கத்தகாத பணிகள் உண்டென 1976இல் நூலெழுதி எச்சரித்தார்.

இன்றைய இயந்திரங்கள் எலிசாவினும் பன்மடங்கு திறன்வாய்ந்தவை. ஆயினும் வினா மாறவில்லை. அறிவியலை மதித்தல் வேறு. அதன் கருவியிடம் உள்ளத்தை ஒப்புவித்தல் வேறு. இவ்வேறுபாட்டைச் சமுதாயத்திற்கு உணர்த்துதல் நம் கடமை. எனினும், துயருற்றோர் இயந்திரத்தை நாடுவதைக் குறைகூறுமுன், அவர்களுக்குச் செவிகொடுக்க நாம் அங்கிருந்தோமா என நம்மையே ஆராய்ந்து பார்ப்போமாக.