கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

நெய்யாறு அரபிக் கடலில் கலக்கும் இடம் பூவார். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள இந்த ஊரைத் தாண்டினால் பொழியூர். அதையும் தாண்டினால் தமிழ்நாட்டின் நீரோடி. 1956 நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரிப் பகுதி அன்றைய சென்னை ராஜ்யத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது.

கரையில் எல்லை வந்தது. கடல் தொழிலுக்கு எல்லை இல்லை. கேரளப் படகில் குமரி மாவட்டத்தார் வேலை செய்கிறார்கள். தூத்தூர், வள்ளவிளைக்காரர்கள் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறார்கள். இப்படிப் போகிறவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது? 2017-ம் ஆண்டு ஒக்கிப் புயல் வந்தபோது இதற்கு விடை சொல்ல யாருமில்லை.

இரண்டு பட்டியல்கள்

அந்த ஆண்டு நவம்பர் 29-ந் தேதி இலங்கையை ஒட்டி உருவான தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. கடலுக்குப் போக வேண்டாம் என்ற குறிப்பு 29-ந் தேதியே வந்தது. ஆனால் ‘புயல்’ என்ற எச்சரிக்கை 30-ந் தேதி நண்பகல் அளவில்தான் வந்தது. அதற்குள் ஏராளமான படகுகள் கடலுக்குள் இருந்தன. இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர்.

எத்தனை பேர் திரும்பவில்லை என்ற கேள்விக்கு அரசுப் பட்டியல் ஓர் எண்ணைச் சொன்னது. பங்குத் தேவாலயங்கள் வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்த பட்டியல் வேறோர் எண்ணைச் சொன்னது. எந்தப் படகில் யார் யார் ஏறினார்கள் என்று கரையில் எழுதி வைக்கும் ஏற்பாடு அன்று சரியாக இல்லாததே காரணம்.

பட்டியலில் பெயர் இருப்பது சிறிய விஷயமல்ல. காணாமற்போனவரை ஏழு ஆண்டுகள் கழித்தே இறந்தவராகக் கருதலாம் என்பது சட்டத்தின் பொது விதி. அவ்வளவு காலம் காக்க வைக்காமல், காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கும் கேரள அரசு 20 லட்சம் ரூபாய் வழங்கியது. பட்டியலில் பெயர் ஏறினால்தான் அந்தப் பணம் வீடு வந்து சேரும்.

கருவி யாருக்கு உதவும்?

ஒக்கிக்குப் பிறகு நிலைமை மாறி வருகிறது. ஒரு லட்சம் படகுகளில் இருப்பிடம் காட்டும் கருவியை இலவசமாகப் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஆபத்தில் சிக்கிய படகு கரைக்குச் சேதி சொல்லலாம். கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும் படகுக்குப் போகும்.

இது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன் கூடும் பாறைகள் எங்கே என்பது தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கும் ரகசியம். படகு நிற்கும் இடத்தைக் காட்டும் கருவி அந்த ரகசியத்தையும் காட்டிக் கொடுக்க முடியும். உயிரைக் காக்கத் திரட்டும் விவரம் அதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். வியாபாரிக்கோ கடன் கொடுத்தவருக்கோ போய்ச் சேரக் கூடாது. தனிநபர் விவரப் பாதுகாப்புக்கென 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் அடிப்படையும் இதுவே: எதற்கென்று சொல்லி வாங்கினார்களோ, அதற்கே பயன்படுத்த வேண்டும்.

சாளை சொன்ன பாடம்

கணக்கைப் பொறுப்போடு பயன்படுத்தினால் கடலுக்கும் நன்மை உண்டு. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், துறைதோறும் ஆள் அனுப்பி மீன் வரத்தைக் கணக்கெடுக்கிறது. கேரளத்தில் 2012-ல் நான்கு லட்சம் டன்னை நெருங்கிய சாளை, 2021-ல் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது என்று அந்தக் கணக்கு காட்டியது. கடலின் சூடு மாறியதைப் போன்ற இயற்கைக் காரணங்களும் இதில் உண்டு. எனினும், இருக்கும் குஞ்சுகளையும் வாரினால் மறு வருஷத்துக்கு எது மிஞ்சும்? பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்ற கேரள அரசின் விதிக்கு ஆதாரம் இந்த நிலையத்தின் ஆய்வே. அந்தக் கணக்கு வலை வீசுகிறவரின் காதுக்கும் எட்டினால்தான் விதிக்கு மதிப்பு.

நம் பங்கு

கடலுக்குப் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். பிழைப்புக்காக மாநிலம் மாறி வந்தவர் பெயர் சொந்த ஊர்ப் பதிவிலும் இல்லை, வேலை செய்யும் ஊர்ப் பதிவிலும் இல்லை என்ற நிலை பலருக்கு உண்டு. பதிவு செய்துகொள்வது நம் கடமை. எதற்காகக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று விசாரிப்பது நம் உரிமை.

அலுவலகங்களில் பதிவேடு எழுதும் நம்மவர்களுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். தமிழ்ப் பெயரை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது ஓர் எழுத்து பிசகினால் ஒரே ஆள் இரண்டு பேராவார், இல்லாமலும் போவார். கையெழுத்து வாங்கும் முன் ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.