ஆயிரம் கைப்பேசிகளும் ஒரு கேள்வியும்



கல்லணையைத் தாண்டிக் காவிரி நீர் புறப்பட்டதும், எங்கள் தஞ்சைச் சீமையில் ஒரே கேள்விதான் உலவும்: "கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?" நாற்று விட்டுவிட்டு அந்த விடைக்காகக் காத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, எண்ணற்ற வாய்க்கால்களாய் ஓடும் நீரை ஒருவரே நடந்து பார்த்து முடிக்க இயலாது. ஆங்காங்கே இருப்பவர் ஆளுக்கொரு சொல் சொன்னால் விடை கிடைத்துவிடும். இப்பழைய வழக்கத்தையே இன்றைய விஞ்ஞானம் கைப்பேசியைக் கொண்டு செய்கிறது.

கைப்பேசிக்குள் குலுக்கத்தை அளக்கும் கருவியும், ஒலிவாங்கியும், இருப்பிடம் காட்டும் கருவியும் உள்ளன. 2008ஆம் ஆண்டில், பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தார் 'நெரிசெல்' என்னும் முறையை வெளியிட்டனர். நம் 'நெரிசல்' என்ற சொல் அப்பெயரில் ஒலிக்கிறதன்றோ? வண்டியில் செல்வோரின் கைப்பேசி குலுங்குவதிலிருந்து சாலைப் பள்ளத்தையும், ஹாரன் ஒலியிலிருந்து நெரிசலையும் அது அறிந்தது. கைப்பேசி பையில் எப்படிக் கிடந்தாலும், புவியீர்ப்பைத் துணைகொண்டு மேல் எது, கீழ் எது என்று கணித்துக்கொண்டது.

ஆயினும், ஒவ்வொரு கேள்விக்கும் முழு ஏற்பாட்டையும் புதிதாகக் கட்டுவது எளிதா? இக்குறையை நீக்க, அதே நிலையத்தார் 2010இல் 'பிரிசம்' என்ற பொதுக் கருவியை அமைத்தனர். ஆராய்ச்சியாளர் தம் கேள்விக்குரிய நிரலை மட்டும் எழுதினால் போதும். எந்த இடத்தில், எத்தகைய கைப்பேசிகளுக்கு அதை அனுப்புவது என்பதை மையக் கணினி பார்த்துக்கொள்ளும். பள்ளத்தைக் கண்டறியும் நிரலும் அனுப்பலாம். அவ்விடத்தில் இருப்பவரைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்கும் நிரலும் அனுப்பலாம். கடைமடைக் கேள்விக்கு இப்பின்னதே ஏற்றது.

என் மனத்தைக் கவர்ந்தது இக்கருவியின் மற்றொரு பகுதி. வந்த நிரல் வேலிக்குள் அடைத்த மாடுபோலவே இயங்கும். அது செலவிடும் மின்சக்திக்குக் கணக்கும் வரம்பும் உண்டு. அன்றியும், தான் கண்டதை அது அவ்வப்போது மறக்கும்படி செய்யப்படுகிறது. இல்லையேல், பள்ளத்தைத் தேட வந்த நிரல், நீங்கள் காலையில் எங்கிருந்தீர்கள், மாலையில் யார் வீட்டுக்குப் போனீர்கள் என்பதையும் கோத்துவிடும்.

நாளை உங்களில் ஒருவர் நம் டெல்டாவுக்காக இத்தகைய நிரலை எழுதக்கூடும். ஊரார் தரும் செய்தி ஊருக்குப் பயன்பட வேண்டும், தந்தவரைக் காட்டிக்கொடுக்கலாகாது. மடையைத் திறக்கத் தெரிந்தவனுக்கு, அதை அடைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.