சாயக் குண்டு துப்பாக்கி: பணம் எதற்குப் போடலாம்? எதற்குப் போட வேண்டாம்?

பெங்களூர், மும்பை போன்ற பெரிய நகரங்களை ஒட்டி இப்போது "பெயிண்ட்பால்" விளையாட்டுத் திடல்கள் இருக்கின்றன. அலுவலக ஊழியர்களைக் கூட்டமாக அழைத்துச் சென்று ஒரு நாள் விளையாட வைக்கும் கம்பெனிகளும் உண்டு.

இரண்டு கட்சியாகப் பிரிந்து, மறைவிடங்களில் பதுங்கி, சாயம் நிரப்பிய குண்டுகளால் ஒருவரையொருவர் சுடும் விளையாட்டு இது. சாயம் பட்டவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும்.

வாடகைத் துப்பாக்கியில் நாலு தடவை ஆடியவருக்குச் சொந்தமாக ஒன்று வாங்கும் ஆசை பிறக்கும். வாங்கிய பிறகு அதில் புதுப்புதுப் பாகங்களை மாட்டும் ஆசை பிறக்கும். நீளமான குழல், வேகமான விசை, மோட்டார் வைத்த குண்டுப் பெட்டி என்று கடைக்காரர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

மாதச் சம்பளக்காரர் இவற்றில் எதற்குப் பணம் போட்டால் பலன் உண்டு?

மாட்டுக்குக் குறி போட்ட கருவி

நாம் துப்பாக்கி என்று சொன்னாலும் ஆட்டக்காரர்கள் இதை "மார்க்கர்" என்றே அழைக்கிறார்கள். குறி போடும் கருவி என்பது அதன் பொருள். வெட்ட வேண்டிய மரங்களுக்கும், மந்தையில் பிரிக்க வேண்டிய மாடுகளுக்கும் எட்ட நின்றபடியே சாயக்குறி போட அமெரிக்காவில் இதைப் பயன்படுத்தினார்கள்.

குண்டின் குறுக்களவு 0.68 அங்குலம். எடை சுமார் 3 கிராம். மருந்து மாத்திரையின் கூட்டைப் போலவே இதன் மேல்தோலும் ஜெலட்டினால் ஆனது. உள்ளே இருப்பது தண்ணீரில் கழுவினால் போகும் சாயம்.

வேகத்துக்கு வரம்பு உண்டு

பாகம் வாங்குவதற்கு முன் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். குண்டு புறப்படும் வேகம் விநாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது என்பது இந்த விளையாட்டில் பரவலாக உள்ள விதி. இன்னும் குறைவாக வைக்கும் திடல்களும் உண்டு. ஆட்டத்துக்கு முன் கருவி வைத்து வேகத்தை அளந்து பார்ப்பார்கள்.

ஆகவே ஆயிரம் ரூபாய் துப்பாக்கியானாலும் லட்ச ரூபாய் துப்பாக்கியானாலும் குண்டு கிளம்பும் வேகம் ஒன்றுதான். அதே வேகம், அதே எடை என்றால் குண்டு போகும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். "இந்தக் குழலை மாட்டினால் இன்னும் வெகுதூரம் பாயும்" என்று யாராவது சொன்னால் பர்சை மூடிக்கொள்வது நல்லது.

முதல் செலவு முகக் கவசம்

விநாடிக்கு 300 அடி என்பது மணிக்குச் சுமார் 330 கிலோ மீட்டர். அந்த வேகத்தில் வரும் குண்டு உடம்பில் பட்டால் கன்றிப்போகும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக் கூடும்.

எனவே முதல் பணம் துப்பாக்கிக்கு அல்ல, முகக் கவசத்துக்கே. கண், காது, வாய் மூன்றையும் மூடும் கவசமாக அது இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கண்ணாடியும், பட்டறைக் கண்ணாடியும் இதற்கு உதவாது.

இதில் கவனிக்க வேண்டியது கண்ணாடியின் அடுக்கு. ஒற்றை அடுக்குக் கண்ணாடியில் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்து புகை மூடியது போல் ஆகிவிடும். எதிரே இருப்பவர் தெரியவில்லையே என்று ஒரு நொடி கவசத்தைத் தூக்குவார்கள். ஆபத்து நேர்வது அப்போதுதான். இரண்டு அடுக்கு உள்ள "தெர்மல்" கண்ணாடியில் ஈரம் எளிதில் படியாது. விலை கூடுதல்தான். ஆனாலும் இந்த விளையாட்டில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

குண்டு நன்றாக இருக்கட்டும்

குறி தவறினால் எல்லோரும் துப்பாக்கியைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் குண்டின் மேல் இருக்கும். ஜெலட்டின் தோல் ஈரக்காற்றை உறிஞ்சி உப்பிவிடும். மும்பை மழைக்காலத்தில் பிரித்து வைத்த பை ஒரு வாரம் கிடந்தால் குண்டின் உருண்டை வடிவம் கெட்டுவிடும். அப்படிப்பட்ட குண்டு குழலுக்குள்ளேயே உடையும், அல்லது கோணலாகப் பறக்கும்.

புதிய குண்டை வாங்கி, காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத இடத்தில் வைப்பதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

அடுத்தது காற்று

குண்டைத் தள்ளுவது கரியமில வாயு அல்லது அழுத்தி அடைத்த காற்று. சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கும். அது ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து போகும். டீக்கடையில் பெரிய அடுப்பு விடாமல் எரியும்போது காஸ் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கும். மளமளவென்று சுட்டால் சிலிண்டர் ஜில்லிட்டு அழுத்தம் குறையும். முதல் குண்டு ஒரு வேகத்திலும் இருபதாவது குண்டு வேறு வேகத்திலும் போகும்.

அடைத்த காற்றில் இந்தத் தொல்லை குறைவு. சதுர அங்குலத்துக்கு 3,000 அல்லது 4,500 பவுண்டு அழுத்தத்தில் நிரப்பிய காற்றை ஒரு "ரெகுலேட்டர்" சீராகக் குறைத்து அனுப்பும். குண்டுக்குக் குண்டு வேகம் மாறாது. அதனால் குறியும் நிலைக்கும். துப்பாக்கிக்கென்று செய்யும் செலவுகளில் முதலிடம் இதற்குத் தரலாம்.

ஆனால் வாங்குவதற்கு முன், வழக்கமாக ஆடும் திடலில் அந்த அழுத்தத்துக்குக் காற்று நிரப்பும் வசதி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பழைய சிலிண்டர் மலிவாகக் கிடைத்தால் அதில் பொறித்துள்ள சோதனைத் தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. காற்று நிரப்பும் வாயில் எண்ணெய் விடவே கூடாது. மிகுந்த அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றும்.

பெட்டியும் குழலும்

துப்பாக்கியின் மேலே இருப்பது குண்டுப் பெட்டி. சாதாரணப் பெட்டியில் குண்டுகள் தம் எடையால் தாமே கீழே விழும். அரிசி மூட்டையின் வாயில் அரிசி அடைத்துக்கொள்வதைப் போல, சில சமயம் குண்டுகள் ஒன்றையொன்று முட்டி நின்றுவிடும். மோட்டார் வைத்த பெட்டி அவற்றைக் கிளறிவிடும். நிதானமாகச் சுடுபவருக்குச் சாதாரணப் பெட்டியே போதும். வேகமாகச் சுடும் துப்பாக்கி உள்ளவருக்கு மட்டும் மோட்டார் பெட்டி தேவை.

குழலைப் பொறுத்தவரை நீளத்தைவிட உள்ளளவுதான் முக்கியம். குண்டு தானாக வழுக்கி விழாமலும், இறுகாமலும், ஊதினால் வெளியேறும்படி இருந்தால் அது சரியான அளவு. குழலின் முதல் எட்டு அங்குலத்துக்குள்ளேயே குண்டு ஏறக்குறைய முழு வேகத்தையும் எட்டிவிடுகிறது. மீதி நீளம், மறைவிடத்தின் ஓரத்தை விலக்கிச் சுடவும், துளைகள் இருந்தால் சத்தத்தைக் குறைக்கவும் உதவும். அதிக நீளமானால் காற்றுத்தான் வீண்.

விசை கடைசியில்தான்

எலெக்ட்ரானிக் விசை பொருத்தினால் நொடிக்குப் பல குண்டுகள் சுடலாம். அதனால் குண்டுச் செலவும் அதே வேகத்தில் ஏறும். அதிகமாகச் சுடுபவரே ஜெயிப்பார் என்பதும் இல்லை.

இந்த விளையாட்டின் முதல் ஆட்டம் 1981 ஜூன் 27-ந் தேதி அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் காடு ஒன்றில் நடந்தது. 12 பேர் ஆடினார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துச் சுட வேண்டிய "நெல்ஸ்பாட் 007" என்ற துப்பாக்கிதான் அன்று இருந்தது. அதில் வென்றவர் ரிச்சி வைட் என்ற காட்டுத் தொழிலாளி. ஒரு குண்டுகூடச் சுடாமல், மரங்களுக்கிடையே ஓசையின்றி நடந்தே கொடிகளை எல்லாம் சேகரித்துவிட்டார் அவர்.

சுண்டைக்காய் கால் பணம்

ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தால், கணக்குப் பார்க்கும்போது துப்பாக்கியின் விலையையே அது தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். அந்தத் தொகைக்கு இன்னும் நல்ல துப்பாக்கியே வாங்கியிருக்கலாம். எனவே எல்லாப் பாகங்களின் விலையையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இதற்கிடையே மிக மலிவான சீர்திருத்தம் ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தேய்ந்த ரப்பர் வளையங்களை மாற்றுவதும், ஆட்டம் முடிந்ததும் குழலைத் துடைப்பதும்தான் அது. "சரியாகச் சுடவில்லை" என்று மூலையில் போட்ட துப்பாக்கி, ஒரு வளையத்தை மாற்றியதும் ஒழுங்காக வேலை செய்வது உண்டு.

வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் சுங்க விதிகளையும் ஆயுதச் சட்ட விதிகளையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு ஆடுபவர்களுக்கு

ஆண்டுக்கு இரண்டு தடவை அலுவலகத்தாரோடு ஆடுபவர் துப்பாக்கி வாங்க வேண்டியதே இல்லை. ஆனால் வாடகைக்குத் தருவதைக் கேட்டு, பார்த்து வாங்கலாம். கவசத்தின் கண்ணாடியில் கீறலோ விரிசலோ இருந்தால் வேறு கேட்க வேண்டும். வார் இறுக்கமாக இருக்க வேண்டும். வேகத்தை அளந்தார்களா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆடாத நேரத்தில் குழலின் வாய்க்கு உறை மாட்டியிருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்தது என்று நடுவர் அறிவித்து, திடலை விட்டு வெளியே வரும் வரை கவசத்தைக் கழற்றக் கூடாது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.