வீட்டுக்கு ஒரு போன்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கார் பெட்டரியில் டீவி ஓடிய காலம் நமது தோட்டங்களிலே பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். லயத்துக்கு மின்சாரம் வராத நாட்கள் அவை. பெட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய், கடையில் சார்ஜுக்கு வைத்து, திரும்பவும் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படம் போட்டால் லயத்திலுள்ள அத்தனை பேரும் ஒரே காம்பராவுக்குள்ளே தான். படம் முடியுமுன் பெட்டரி இறங்கிவிட்டால் வீட்டுக்காரர் வாங்கிய ஏச்சு தனிக்கதை.

அப்படிக் கஷ்டப்பட்டு வாங்கிய டீவி பத்துப் பதினைந்து வருடம் உழைத்தது. பழுதானால் டவுனில் ஒருவர் திறந்து பார்த்து, எதையோ மாற்றி, திரும்ப ஓட வைத்துத் தருவார். தீபாவளி முற்பணத்திலே ஒரு தடவை காசைப் போட்டால் போதும், பிறகு கவலை இல்லை.

இன்று டச் போன் வாங்கப் போகும்போதும் நாம் அதே எண்ணத்தோடு தான் கடைக்குள் நுழைகிறோம். அந்தக் கணக்கு போனுக்குச் சரிவராது. போன் வாங்கிய நாளிலிருந்தே மாதாமாதம் காசு கேட்கும் பொருள். அதோடு, நாம் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் அதற்கு ஆயுள் குறைவு. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்கிவிட்டு ஏங்குவது வேறு.

ஆயுள் குறைவு என்று ஏன் சொல்கிறோம்? முதலாவது பெட்டரி. போனில் இருப்பது லித்தியம் வகைப் பெட்டரி. ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சாதாரணமாக 500 தொடக்கம் 1,000 தடவை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகு, புதிதில் பிடித்த அளவு பிடிக்காது. தினமும் ஒரு தடவை ஏற்றுகிற வீட்டில் இது இரண்டு, மூன்று வருடக் கதை. சூடு பட்டால் இன்னும் சீக்கிரம். அடுப்புக்குப் பக்கத்தில் சார்ஜுக்கு வைப்பதும், சார்ஜில் போட்டபடியே படம் பார்ப்பதும் பெட்டரிக்கு ஆகாது. பெட்டரி வீங்கி போனின் பின்மூடி மேலே எழும்பி நின்றால், அதை அழுத்திப் பார்க்கக் கூடாது, குத்திப் பார்க்கக் கூடாது. சார்ஜில் போடாமல், பிள்ளைகளுக்கு எட்டாமல், பற்றி எரியக் கூடிய பொருட்களுக்குத் தூரமாக வைத்து, திருத்துகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். தலையணைக்கு அடியில் சார்ஜில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேணும்.

இரண்டாவது விஷயம் கண்ணுக்குத் தெரியாது. போனுக்குள்ளே அண்ட்ரொய்ட் என்று ஒன்று இருக்கிறது. பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை நின்று யார் எந்த மலைக்கு என்று வேலை பிரித்துக் கொடுப்பது போல, வட்ஸ்அப்புக்கு எவ்வளவு இடம், கெமராவுக்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அந்த அண்ட்ரொய்ட்டுக்கும் வயதாகும். போன் செய்த கம்பனி சில வருடங்களுக்குத் தான் அதைப் புதுப்பித்துக் கொடுக்கும். விலை குறைந்த போன்களுக்கு இரண்டு, மூன்று வருடத்தோடு கைவிட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. இப்போது சில கம்பனிகள் சில போன்களுக்கு 6, 7 வருடம் தருவதாகச் சொல்கின்றன. புதுப்பிப்பு நின்ற அன்றே போன் நின்றுவிடாது. ஆனால் ஒருநாள் வட்ஸ்அப் வேலை செய்யாது. 2025 ஜனவரியில் அப்படித்தான் நடந்தது. அண்ட்ரொய்ட் 4.4 போட்ட பழைய போன்களுக்கு வட்ஸ்அப் தனது சேவையை நிறுத்திக்கொண்டது. போனில் உடைவில்லை, கீறலில்லை, இருந்தும் வட்ஸ்அப் இல்லை. ஆகவே கடையில் கெமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிற நாம், இது எந்த அண்ட்ரொய்ட், இன்னும் எத்தனை வருடத்துக்குப் புதுப்பிப்பு வரும் என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் வாங்காமல் வருவதில் நட்டமில்லை.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போனில் ஸ்டோரேஜ் என்பது அரிசி, மா வைக்கிற இடம் மாதிரி. ரேம் என்பது அடுப்படியில் சமையலுக்கு எடுத்து வைக்கிற இடம் மாதிரி. முதலாவது நிறைந்தால் புதிதாக ஒன்றும் வைக்க முடியாது. இரண்டாவது சிறிதானால் வேலை மெதுவாகும். எங்கள் அபிப்பிராயத்தில் 4 ஜீ.பி. ரேமும் 64 ஜீ.பி. ஸ்டோரேஜும் இல்லாத போனை இன்றைக்குப் புதிதாக வாங்குவது வீண்.

இனி காசுக்கு வருவோம்.

நாம் டிவிசன்களுக்குப் போகும்போது ஒரு கொழுந்து எடுக்கும் அம்மா சொன்னது இது: "மொதல்ல ஒம்பதாயிரம் தாங்க கேட்டாங்க. அவ்வளவு தானேன்னு கட்டிட்டு வந்துட்டோம். பொறகு மாசாமாசம் சம்பளத்தன்னிக்குத் தான் தெரிஞ்சிச்சு." மகன் உயர்தரம் படிக்கிறான் என்று வாங்கிய போன் அது. கடையின் பெயர் நமக்கு வேண்டாம். எந்த டவுனிலும் நடக்கிற காரியம் தான். மொத்தமாக எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்டோம். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பில்லிலும் அது எழுதியிருக்கவில்லை.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைக்காசுக்கு 45,000 ரூபாய் விலையான ஒரு போன் என்று வையுங்கள். தவணையில் எடுத்தால் முதலில் 9,000 ரூபாய், பிறகு 12 மாதத்துக்கு 4,500 ரூபாய். தவணை மட்டும் 54,000. முதலில் கட்டியதையும் சேர்த்தால் 63,000 ரூபாய். அதாவது 18,000 ரூபாய் கூட. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதிலே ஈ.பி.எப். 8 சதவீதம் கழித்தால் கையில் 1,242. அந்த 18,000 ரூபாய்க்கு 14 நாளுக்கும் மேலே மலை ஏற வேண்டும். போனுக்காக அல்ல, தவணைக்காக மட்டும்! உங்கள் செக்ரோலில் இப்போது விழுகிற தொகையை வைத்து, கடைக்காரர் சொல்லும் தவணையை வைத்து, இதே கணக்கை வீட்டிலே பிள்ளையை விட்டுப் போடச் சொல்லுங்கள். கடைக்குப் போகுமுன் போட வேண்டும். போய் வந்த பிறகு போட்டால் வயிற்றெரிச்சல் தான் மிச்சம்.

தவணையே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே தடவையில் 45,000 எடுத்து வைக்க எத்தனை வீட்டால் முடியும்? 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360க்கு மேலே போனபோது, வெளிநாட்டிலிருந்து வரும் போன்களின் விலையும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் மொத்தத் தொகையை எழுத்திலே வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அடுத்தவர் தவணைக்குப் பிணை நின்று கையெழுத்துப் போடுவதும் அப்படித்தான். அவர் கட்டாவிட்டால் கேள்வி உங்கள் வீட்டுக்கு வரும்.

பாவித்த போன் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். நல்ல போனாகப் பார்த்து வாங்கினால், மட்டமான புதுப் போனைவிட அது மேல் என்பது எங்கள் எண்ணம். ஆனால் அவசரப்படக் கூடாது. இலக்கம் அடிக்கும் இடத்தில் *#06# என்று அடித்தால் 15 இலக்கம் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் வரும். நமது அடையாள அட்டை இலக்கம் போல, போனுக்கு அது. ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் அடித்து 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதியப்பட்டதா என்று பதில் வரும். புதிய போனுக்கும் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

அடுத்தது பூட்டு. விற்கிறவரின் கூகுள் கணக்கோ, ஐபோனாக இருந்தால் ஆப்பிள் கணக்கோ உள்ளே இருந்தபடி போன் கைமாறினால், பிறகு ஒருநாள் அந்தப் பழைய ஆளின் பாஸ்வேர்ட் இல்லாமல் போன் திறக்காது. வெறும் கண்ணாடித் துண்டு தான். எனவே உங்கள் கண் முன்னாலேயே அவருடைய கணக்கை எடுக்கச் சொல்லுங்கள். போனை முழுதாக அழித்து, புதிதாகத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். களவெடுத்த போனை விற்க வந்தவரால் இதைச் செய்ய முடியாது. "டைம் இல்ல அண்ணே, பொறகு பாத்துக்குங்க" என்று நழுவுகிறவரை நழுவ விட்டுவிடுவது தான் நல்லது.

ஐபோன் தான் வேணும் என்று அடம் பிடிக்கிற பிள்ளைகளும் லயத்தில் இருக்கிறார்கள். 2007இல் வந்த அந்தப் போன், உலகத்தில் மற்றப் போன்களையெல்லாம் தன் உருவத்துக்கு மாற்றிவிட்டது என்பது உண்மை. நெடுங்காலம் புதுப்பிப்புத் தருவார்கள் என்பதும் உண்மை. 2015இல் வந்த ஒரு ஐபோனுக்கு 2021இலும் புதிய முறைமை கிடைத்தது. ஆனால் திரை உடைந்தால் அதை மாற்றும் செலவில், வேறு வகை நல்ல போன் ஒன்றுக்குப் பாதிக் காசு வந்துவிடும். மழையிலும் சரிவிலும் வேலை செய்கிற வீட்டில் திரை உடையாமலா இருக்கப் போகிறது? பிள்ளை கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது தான், போன் என்பது ஆடம்பரம் அல்ல என்று நமக்கெல்லாம் உறைத்தது. பாடம் வட்ஸ்அப்பில் வந்தது, சூமில் வந்தது. சிக்னல் தேடி நமது பிள்ளைகள் மலை உச்சிக்கும் பாறைக்கும் ஏறினார்கள். ஒரு போனை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீட்டில் சின்னவனுக்குத் தான் முறை வராமல் போனது. போன் இல்லாத வீட்டுப் பிள்ளை, அடுத்த காம்பரா வாசலில் நின்று எட்டிப் பார்த்துக் கொப்பியில் எழுதியதும் உண்டு.

அந்த நாட்களில் கற்றுக்கொண்ட ஒன்றை மறந்துவிட வேண்டாம். படிப்புக்கு டேட்டா அதிகம் செலவாக வேண்டும் என்று இல்லை. ஒரு மணித்தியாலம் வீடியோ ஓடினால் சில நூறு எம்.பி. போய்விடும். ஆசிரியர் எழுதிய ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால் ஒரு எம்.பி. கூட ஆகாது. அரசாங்கப் பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாக உள்ளன. சிக்னல் உள்ள இடத்தில் ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு ரீலோட் இல்லாமலே வாசிக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் இருக்கின்றன. மறுபக்கம், குறூப்புகளில் வருகிற வீடியோக்கள் கேட்காமலே வந்து இறங்கித்தான் பல வீட்டு டேட்டா தீர்கிறது. வட்ஸ்அப் செட்டிங்கில் தானாக இறங்குவதை நிறுத்திவிடலாம். பிள்ளையிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை.

டெப் வாங்கலாமா என்றால், பெரிய திரை படிப்பதற்கு நல்லது தான். ஆனால் சிம் போட முடியாத டெப்புக்கு வைபை வேண்டும். அது இல்லாத லயத்தில் போனிலிருந்து தான் டேட்டா கொடுக்க வேண்டிவரும். அப்படியென்றால் இரண்டுக்கும் சேர்த்துச் செலவு. கடைவீதியில் தொங்கும் பெயர் தெரியாத மலிவு டெப்புகளை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. போன் யார் கையில்? தவணை கட்டுவது மலையில் கொழுந்து எடுக்கிற அம்மா. போன் இருப்பது மகனின் சட்டைப் பையில், அல்லது கொழும்புக்குப் போன பிள்ளையோடு. அம்மாவிடம் கேட்டால், "நமக்கு என்னத்துக்குங்க, எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு" என்கிறார். நாம் முன்பு சொன்ன அந்த அம்மாவும் அப்படித்தான் சொன்னார். போன மாதம் மகள் அவருக்கு ஒன்று மட்டும் காட்டிக் கொடுத்திருக்கிறாள். வட்ஸ்அப்பில் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும், பேசி முடிந்ததும் விரலை எடுக்க வேண்டும். எழுத்தே வேண்டாம். இப்போது கொழும்பில் கடை வேலை செய்கிற மூத்தவனுக்கு அவர் தினமும் ராத்திரி பேசி அனுப்புகிறார். காலையில் அவனது பதில் வந்திருக்கும். பிரட்டுக்குப் போகுமுன் கேட்டுவிட்டு, போனைப் பொலித்தீன் பையில் சுற்றி, படங்குக்கு உள்ளே மழை படாத இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டு கிளம்புகிறார். மலையில் யாருக்காவது ஆபத்து என்றால் எடுக்க வேண்டிய அம்புலன்ஸ் இலக்கம் 1990. அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை. அதையும் அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.