வெயில் சுவருக்குப் பச்சைப் புடவை

"சித்தி, சாயங்காலம் நாலு மணிக்குச் சுவத்துல கை வெச்சா தோசைக்கல் மாதிரி சுடுது. குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ராத்திரி முழுக்க அழறா!"

போன வருஷம் வைகாசியில் சென்னையிலிருந்து என் அக்கா பெண் போனில் இப்படிச் சொன்னபோது அவளுக்கும் அழாத குறைதான். இரண்டாவது மாடி வீடு. படுக்கையறைக்கு முழு மேற்கு வெயில். அதற்கு அவளே ஒரு வழியும் பார்த்து வைத்திருந்தாள். பசுமைச் சுவர்! சுவர் முழுக்கச் சின்னத் தொட்டிகளை அடுக்கி, மோட்டார் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார்களாம். அதற்குக் கேட்ட தொகையில் குழந்தைக்கு ஒரு ஜோடி தங்க வளையலே செய்து போட்டுவிடலாம்.

"பொறுடி, தை மாசம் நான் வரேன்" என்றேன்.

எங்கள் ஊர் காவாந்தண்டலம், உத்திரமேரூர் பக்கம், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. அங்கே கூரை மேல் சுரைக்கொடி, வேலியில் கோவை, கொல்லைப்புறச் சுவரோரம் முள்கொம்பு நட்டு அவரை என்று வீட்டைச் சுற்றிப் பச்சைதான். அதற்கு யாரும் பெரிய பெயர் வைக்கவில்லை.

பெயர் வைத்தவர்கள் வெளிநாட்டார். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி ஹார்ட் ஒயிட், செடிகள் வளரும் சுவருக்கு 1938-லேயே காப்புரிமை வாங்கினார். ஆனால் அதை உலகம் பார்க்க வைத்தவர் பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் பாட்ரிக் பிளாங்க். பாறை இடுக்கில் மண்ணே இல்லாமல் செடி வளர்கிறதே என்று யோசித்து, பலகையில் கம்பளித் துணி போன்ற விரிப்பை அடித்து, மேலிருந்து சத்து நீரைக் கசிய விட்டார். பாரிஸில் 2006-ல் திறந்த கே பிரான்லி அருங்காட்சியகத்தின் சுவரில் அவர் வளர்த்தவை சுமார் 15,000 செடிகள்! நம் சென்னையிலும் மேம்பாலத் தூண்களில் மாநகராட்சி செடி வளர்த்ததைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு அழகுதான். ஆனால் விரிப்பில் தங்கும் ஈரம் கொஞ்சம். கோடையில் இரண்டு நாள் மோட்டார் ஓடாவிட்டால் செடிகள் துவண்டுவிடும்.

"காத்து சுத்தமாகுமாமே சித்தி?" என்றாள். 1989-ல் அமெரிக்காவின் நாசா, காற்றுப் புகாத பெட்டிக்குள் செடிகளை வைத்துச் சோதித்ததிலிருந்து வந்த பேச்சு அது. 2019-ல் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய சோதனைகளையெல்லாம் மறுபடி கணக்குப் போட்டார்கள். ஜன்னல் வழியாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டுமாம். 1,000 கூட ஆகலாமாம்! வீட்டில் நடக்கிற காரியமா? ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும்.

நிஜமான பலன் நிழல். இலை வெயிலைத் தானே வாங்கிக்கொள்கிறது. சுவர் சூடேறாததால் ராத்திரி அறைக்குள் அனல் வீசாது. போதாததற்கு, இலை தண்ணீரை ஆவியாக விடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, ஒரு கிலோ ஐஸ்கட்டி உருகுகையில் இழுப்பதைப் போல ஏழு மடங்கு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கடலோரப் புழுக்கத்தில் இது கொஞ்சம் குறையும். நிழல் குறையாது.

சொன்னபடி தையில் போனேன். பால்கனியில் இரண்டு பெரிய தொட்டி. வெறும் மண் நனைந்தால் கனம் தாங்காது என்று பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவு, தொழு உரம் கலந்தேன். பீர்க்கையும் பாகலும் விதைத்து, சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளித் தேங்காய்க் கயிறு கட்டினேன். இந்த ஒரு ஜாண் முக்கியம், சகோதரிகளே! கொடி சுவரில் ஒட்டிப் படர்ந்தால் ஈரம் இறங்கிப் பூச்சு உதிரும். இடைவெளி இருந்தால் காற்றும் ஓடும். காய்கறி, அரிசி கழுவிய தண்ணீரே பெரும்பாலும் போதுமாக இருந்தது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்த ஒரு தட்டு போதும். தவழும் குழந்தை இருந்தால் மணிப்ளாண்ட் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அதன் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

சித்திரையில் கொடி மேல் ஜன்னலைத் தொட்டது. மின்விசிறி இல்லாமல் இன்னும் முடியாதுதான். ஆனால் நாலு மணிக்குச் சுவரில் கை வைக்க முடிகிறது; குழந்தையும் மத்தியானம் தூங்குகிறாள். மேல் வீட்டு மாமிதான், "உங்க கொடி எங்க ஜன்னலுக்கு வந்துடுச்சும்மா" என்று முதலில் முகத்தைச் சுளித்தாராம். இப்போது மேலே காய்க்கிற பீர்க்கங்காயெல்லாம் அவருக்குத்தான். தோலைத் துவையல் அரைத்து ஒரு கிண்ணம் கீழே அனுப்பி விடுகிறாராம்.