பொறுத்தலும் மறத்தலும்

பிறர் செய்த தீங்கைப் பொறுத்தல் உயர்ந்தோர் இயல்பு என்பது எல்லாச் சமயத்தார்க்கும் உடன்பாடு. வள்ளுவர் பொறையுடைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அடியார் வேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனைக் கொல்லப் பாய்ந்த தத்தனைத் தடுத்து, அவனை ஊறின்றி எல்லை கடத்திவிடுமாறு பணித்து, அது நிறைவேறியமை கேட்ட பின்னரே மெய்ப்பொருள் நாயனார் உயிர்நீத்தார் எனப் பெரியபுராணம் கூறும். இவை தமிழ் மாணவர்க்குப் புதியன அல்ல. ஆயின், இவ்வறத்தைக் கிறித்தவ நெறி எவ்வாறு விளக்குகின்றது என்பதும் வன்னி மக்கள் அறியத்தக்கதே. நடந்ததை மன்னித்து மறந்துவிடுக என்னும் அறிவுரை, போர் முடிந்த 2009ஆம் ஆண்டு தொட்டு இம்மக்களின் செவியில் விழுந்து வருகின்றது. கிறித்தவம் போதிக்கும் மன்னிப்பு இதுதானா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா.

முதற்கண் சொற்களை நோக்குவோம். புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கம். அதில் மன்னித்தலைக் குறிக்கும் சொல்லுக்கு விட்டுவிடுதல், விடுவித்தல் என்பனவும் பொருளாம். கடனைத் தள்ளிவிடுதற்கும் அச்சொல்லே வழங்கியது. இயேசுநாதர் கற்பித்த செபத்தில், மத்தேயு எழுதிய வடிவம் பாவத்தைக் கடன் என்றே சுட்டுகின்றது. இரக்கத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று குடலை அடியாகக் கொண்டது. பெற்ற வயிறு துடித்தது என்று நாம் கூறுவது போன்றதே அது. பொறுமைக்கு இரு சொற்கள் உள. ஒன்று சினம் கொள்ளத் தாழ்த்தல். மற்றொன்று சுமையின் கீழ் நிலைபெயராது நிற்றல். இவற்றுள் ஒன்றேனும் மறத்தல் என்னும் பொருளுடையதன்று என்பது கருதற்பாலது.

இனி, மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்திலுள்ள உவமையைக் காண்போம். எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையோ என்று பேதுரு வினவ, அவ்வெண்ணைப் பன்மடங்காகப் பெருக்கி விடை பகர்ந்த இயேசுநாதர், ஓர் அரசனின் கதையைக் கூறுகின்றார். அரசனுக்கு ஒரு பணியாள் 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். அரசன் மனமிரங்கி அதனை முழுதும் தள்ளிவிட்டான். வெளியே வந்த பணியாளோ, தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன் பணியாளனின் கழுத்தைப் பிடித்துச் சிறையிலிட்டான். தெனாரியம் என்பது அந்நாளில் ஒரு நாட்கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். எனவே சிறிய கடன் 100 நாட்கூலி. பெரிய கடனோ 6 கோடி நாட்கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைப்பினும் அதனைத் தீர்க்க 2 இலட்சம் ஆண்டு வேண்டும். மன்னிப்புப் பெற்றவன் மன்னியாதிருத்தல் எத்துணைக் கொடிது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

இவ்வுவமையில் பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. அரசன் கணக்குப் பார்க்கப் புகுந்தபோதே கதை தொடங்குகின்றது. கடன் இவ்வளவு என்று முதலில் வெளிப்பட்டது. பின்னரே அது தள்ளப்பட்டது. கணக்கேட்டைக் கிழித்து எறிந்துவிட்டுக் கடனே இல்லை என்று அரசன் கூறினானல்லன். அவ்வதிகாரத்தின் முற்பகுதியும் இதற்குச் சான்றாகும். தவறிழைத்தவனிடம் முதலில் தனித்துச் சென்று எடுத்துரைக்க வேண்டும். கேளானாயின் ஓரிருவரை உடன்கொண்டு செல்லவேண்டும். பின்னும் கேளானாயின் சபைக்கு அறிவிக்கவேண்டும். மலைப்பொழிவிலோ, காணிக்கை செலுத்த வந்தவனுக்குத் தன்மேல் பிறனுக்கு மனக்குறை உண்டென்பது நினைவுக்கு வருமாயின், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுச் சென்று அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. ஈண்டு நடக்கவேண்டியவன் தீங்கிழைத்தவனே. வரி தண்டிய சக்கேயு தான் வஞ்சித்ததை நான்கு மடங்காகத் திருப்புவேன் என்றமையும் இதுபற்றியே.

அங்ஙனமாயின், சிலுவையில் தொங்கிய இயேசுநாதர், தம்மைக் கொல்வோர் வருந்துமுன்னரே அவர்க்காக வேண்டியது எங்ஙனம் எனின், அது பழிவாங்கும் எண்ணத்தை உள்ளத்தினின்றும் அகற்றுதலாம். அதற்கு எவ்வரம்பும் இல்லை. ஆனால் பிரிந்தோர் கூடும் ஒப்புரவுக்கு இருவர் வேண்டும். அன்றியும், அங்கே மன்னித்தவர் துன்புற்றவரே. மெய்ப்பொருள் நாயனார் செய்ததும் அதுவே. ஒருவர் பட்ட துயரைப் பிறிதொருவர் மன்னித்தல் இயலாது. மன்னிக்குமாறு அவரை வற்புறுத்தலும் அறமன்று.

இவ்வுண்மை வன்னியில் ஏட்டளவில் நிற்பதன்று. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலினின்றும் வட்டுவாகல் வழியே வந்தபோது சரணடைந்தோர் பலரை உறவினர் பின்னர்க் கண்டிலர். அவர்களோடு சென்ற கத்தோலிக்கக் குருவாகிய பிரான்சிஸ் யோசப் அடிகளும் அவருள் ஒருவர். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் அமர்ந்து தொடங்கிய போராட்டம், வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பரவி, ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அவர்கள் வினவியது, எம் பிள்ளைகள் எங்கே என்பதொன்றே. அவ்வினாவைப் பகையுணர்ச்சி என்பது பிழை. கணக்கு வாசிக்கப்படுக என்று கேட்பவரே அவர். மழையிலும் வெயிலிலும் அவர் இருந்த இருப்பு, சுமையின் கீழ் நிலைபெயராது நிற்றல் எனும் பொறுமையே ஆம்.

ஆயினும் ஏடு ஒருபக்கம் மட்டும் எழுதப்பட்டதன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் வாழ்ந்தோரும் அவருள் அடங்குவர். அவர் இழந்த வீடும் நிலமும் தொழிலும் நம்மவர் கணக்கிலேயே நிற்கின்றன. உவமையில் வரும் பணியாளன் கடன்பட்டவனாகவும் கடன் கொடுத்தவனாகவும் நிற்பது போல, நாமும் நிற்கின்றோம். நம் வரவை மட்டும் வாசித்துப் பற்றை மறைப்போமாயின், கழுத்தைப் பிடித்த பணியாளனின் குற்றம் நமக்கும் உரியதாகும்.

ஒல்லாந்தர் கொடுமைக்கு அஞ்சிய கத்தோலிக்கர் 1670ஆம் ஆண்டில் மாந்தையினின்றும் மாதா உருவத்தைக் கொண்டு புகலடைந்த காடே மடு. தமிழரும் சிங்களரும் ஒருங்கே வணங்கும் அத்தலத்தில் 1999 நவம்பரில் எறிகணை வீழ்ந்து, தஞ்சம் புகுந்தோர் பலர் மாண்டனர். 2015 சனவரி 14இல் அங்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸ், மன்னிப்பை எளிதென்று கூறவில்லை. தாம் செய்யவல்ல தீமையையும் அதில் தமக்குள்ள பங்கையும் உணர்ந்தோர்க்கே உண்மையான மனவருத்தம் உண்டாகும் என்றும், அதன் பின்னரே மன்னிப்பைக் கொடுத்தலும் வேண்டுதலும் கைகூடும் என்றும் அவர் உரைத்ததன் கருத்தும் இதுவே.

ஆகவே, கிறித்தவ நெறியில் மன்னிப்பு என்பது உண்மையை மூடுவதன்று. உண்மை முழுதும் வெளிப்பட்ட பின்னரும் பழி கொள்ளாது விடுவதாம். மறந்தவனுக்கு மன்னிக்க ஒன்றுமில்லை. நினைவில் வைத்திருப்பவனாலேயே பொறுக்க முடியும். பாதிக்கப்பட்டோரை நோக்கி மன்னியுங்கள் என்று கூறுமுன், அவரிடம் நாம் செலுத்தவேண்டிய கணக்கு யாதென நம்மை நாமே வினவுதல் கற்றார்க்குக் கடனாகும்.